ரெண்டு கிலோ மாமாவின் தராசு

என்னை நியூசிலாந்துக்கு வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்தவர்கள் அம்மா, அக்கா, அத்தான், அக்காவின் இடுப்பில் கைக்குழந்தை. வாடகை வேனில் ஓர் இருக்கை காலியாகவே வந்தது. அதில் உட்கார வேண்டியவர் வரவில்லை. அவரை எல்லோரும் ரெண்டு கிலோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

மலேசியாவின் கேமரன் மலையில் துளிர்த்த எந்த இலையும் அவரிடமிருந்து முழு எடையோடு தப்பித்தது கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் நிறுவைக்காரர் அவர். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டுவார், முள்ளைப் பார்ப்பார், சாக்குக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ கழித்துவிட்டுத்தான் எடையைச் சொல்வார். மழைக்காலத்தில் அது நியாயம். மாமா வெயில் காலத்திலும் கழித்தார்.

“அண்ணே, மண்டையப் பொளக்குது வெயிலு. எங்கண்ணே ஈரம்?” அம்மா சண்டைக்கு நிற்பார்.

“இலைக்குள்ள இருக்கு லா. ஒன் கண்ணுக்குத் தெரியாது.”

“பறிச்சவ நானு. எனக்குத் தெரியாதா?”

“ஒனக்குக் கொழுந்து தெரியும். ஈரம் தராசுக்குத்தான் தெரியும். அடுத்த ஆளு!”

இருபத்தெட்டு வருஷம் இந்தச் சண்டை நடந்தது. வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் ‘வணக்கம்’ அல்ல, ‘ரெண்டு கிலோ’. அவர் முகத்துக்கு நேரேதான் அம்மா அண்ணே என்பார். வீட்டுக்குள் வந்துவிட்டால் “அந்தாளு”தான்.

பழக்கம் அவருக்கு ரத்தத்தில் ஏறியிருந்தது. அக்கா பிள்ளை பெற்று வந்ததும் ஆசையாகப் பார்க்க வந்தவர், குழந்தையைத் துணியோடு தூக்கிப்போய்த் தராசில் மாட்டினார். ஆஸ்பத்திரி அட்டையில் மூன்றரைக் கிலோ. மாமா கண்ணை இடுக்கிக்கொண்டு, “ஒன்றரை!” என்று கத்தினார். அக்கா ஓவென்று அழுதுவிட்டாள்.

“புள்ளைக்குமா மாமா கழிப்பீங்க?”

“தொட்டுப் பாரு லா. ஈரமாத்தான இருக்கான்!”

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா இறந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. அதன்பிறகு என்னைத் தானா ராத்தா டவுனுக்குத் தினமும் ஏற்றிப்போனது மாமாவின் மோட்டார் சைக்கிள்தான். ரோடு காய்ந்து கிடந்தாலும் ஈரம் என்று சொல்லி நத்தை வேகத்தில் ஓட்டுவார். நான் பள்ளிக்குப் பிந்திப்போய் வாங்கிய திட்டுகளில் பாதி அவருடையது. பெட்ரோலுக்கு அம்மா காசு நீட்டினால் வாங்க மாட்டார். “ஒன் கொழுந்துல கழிச்சிட்டேன்” என்பார். அம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும்.

பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் முடித்து ஐந்து வருஷம் இங்கே பாடம் நடத்தினேன். பிறகு நியூசிலாந்தில் ஒரு பள்ளி என்னைக் கணித ஆசிரியராக எடுத்தது. சான்றிதழ்களைச் சரிபார்த்து அந்த நாட்டில் ஆசிரியராகப் பதிவு கிடைக்கவே ஒரு வருஷம் போயிற்று. பதிவு கைக்கு வந்த வாரத்தில்தான் மாமாவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது.

ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்திருக்கிறார் என்றார் டாக்டர்.

“எட்டு இல்ல டாக்டர், ஆறு. ரெண்டு கழிச்சிருங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்து, நாலைந்து மாதம் என்றார்.

மாமாவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. நான் நியூசிலாந்துப் பள்ளிக்கு எழுதி, அடுத்த படிப்புத் தவணைக்கு வரலாமா என்று கேட்டேன். இந்தத் தவணைக்கே ஆள் வேண்டும், இல்லையென்றால் வேறொருவரை எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது. நான் போகப்போவதில்லை என்று மாமாவிடம் சொன்னேன்.

“நீ இங்க இருந்தா என் கட்டி எத்தன கிராம் கொறையும்?”

“அது எப்படி மாமா சொல்றது?”

“கணக்கு வாத்தியாருக்கே தெரியலைல்ல? பெட்டியக் கொண்டா, நிறுத்துப் பாப்போம்.”

“ஒங்கள யாரு பாத்துக்குவா?”

“ஒங்கம்மா கஞ்சி கொண்டாந்து வைக்கிறா. திட்டிக்கிட்டே வைக்கிறா. எனக்கு அது போதும் லா.”

விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. பெட்டியைக் கொக்கிக்குத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் தூக்கி மாட்டினேன். முள்ளை நெடுநேரம் பார்த்துவிட்டு, “சரியா முப்பது” என்றார். பிறகு சாக்குக் கயிற்றால் பெட்டியை நாலு சுற்றுச் சுற்றி, கொழுந்து மூட்டைக்குப் போடும் முடிச்சை அவரே போட்டார்.

புறப்பட்ட காலையில் வேன் நிறுவைக் கொட்டகையைத் தாண்டிப் போனது. அவர் வேலையை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. கொட்டகைக்கு அப்போது கொழுந்தும் வரவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

விமான நிலையத்துத் தராசில் பெட்டி முப்பத்திரண்டு காட்டியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அக்காவுக்கும் புரிந்தது. அத்தான் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கௌன்டர் பெண் அம்மாவிடம், இரண்டு கிலோவை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பணம் கட்டுங்கள் என்று மலாய் மொழியில் சொன்னாள். நான் குனிந்து கயிற்றை அவிழ்க்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொடாத. அண்ணன் கட்டுன கட்டு.”

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். மாமாதான்.

“தங்கச்சி, பெட்டி எத்தன காட்டுது?”

அம்மா சிவப்பு எண்களைப் பார்த்தார்.

“முப்பதுண்ணே. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல.”

“நாந்தான் சொன்னேன்ல. என் தராசு…” அவருக்கு மூச்சு வாங்கியது. “சரி, வாத்தியார ஏத்தி விடு.”

அவர் குரலை நான் கேட்டது அதுவே கடைசி. நான் வந்த ஏழாவது வாரம் அவர் இறந்தபோது, பதினைந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளும் பத்து மாவோரிப் பழங்குடிப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். அம்மாதான் எல்லாம் செய்தார்.

அன்று கௌன்டரில் பெட்டியிலிருந்து ஒரு சட்டையைக்கூட எடுக்க அம்மா விடவில்லை. அத்தானையும் பணம் கொடுக்க விடவில்லை. தன் கைப்பையைத் திறந்து, அண்ணன் சொன்னது முப்பதாகவே இருப்பதற்கு அம்மா எண்ணி வைத்த தொகை நூற்று அறுபது ரிங்கிட்.