வால்வு வியாபாரியின் வைத்தியம்

ஆஸ்பத்திரியில் இரண்டு வகை டாக்டர்கள் உண்டு. அறைக்குள் இருப்பவர்கள் படித்தவர்கள். வராந்தாவில் இருப்பவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். நம் குழாய்க்கடைக்காரர் இரண்டாவது வகை, அதிலும் மூத்தவர்.

அவருடைய தங்கைக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. பத்துப் படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. தொடையில் ஓடும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அதன் நுனியில் உள்ள பலூனை விரித்து வால்வைத் திறந்து, பிறகு பலூனைச் சுருக்கி வெளியே எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் பாதி கேட்டார். மீதியைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார்.

"வால்வைப் பத்தி எனக்கா பாடம்? முப்பது வருஷமா அதைத்தானே விக்கிறேன்!"

பார்க்க வந்த உறவுக்காரர்கள், பக்கத்துக் கட்டில்காரர், தரை துடைக்க வந்த அம்மா என்று ஒருவரையும் விடாமல் வகுப்பெடுத்தார். "பலூன் உள்ளேயே தங்கிடும். அப்புறம் பலமா தும்மவே கூடாது. தும்மினா டப்புனு போயிடும்!"

தங்கை காதிலும் அது விழுந்தது. மறுநாள் காலை, சம்மதப் படிவத்தைத் தள்ளிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

"வேண்டாம்ணா, வீட்டுக்குப் போயிடலாம். எனக்குத் தூசி பட்டாலே தும்மல் வருமே!"

நர்ஸ் அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "பலூனை வெளியே எடுத்துடுவோம்மா. நீங்க தாராளமா தும்மலாம். உள்ளேயே இருக்கும்னு யாரு சொன்னது?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். உள்ளே அழைத்துப் போனார்கள். கதவு மூடியது. "உள்ளே என்னங்க பண்றாங்க?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக, "எனக்குத் தெரியாதுங்க" என்றார் நம்மவர். தன் பேச்சைக் கேட்டு அவள் எழுந்தே போயிருந்தால்? நினைத்ததும் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "வால்வு நல்லாத் திறந்துடுச்சு. இனி பயமில்லை." கை கூப்பினார் அண்ணன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

இந்த அடக்கம் எத்தனை நாள் நீடித்தது என்கிறீர்களா? நாளா! வாங்கிய டீ ஆறுவதற்குள், "பலூனை வெளியே எடுத்துடுவாங்கன்னு நான்தான் தங்கச்சிக்குத் தைரியம் சொன்னேன்" என்று நாற்காலிக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் யாரோ முதுகு வலிக்கிறது என்றபோது, தலையைக்கூடத் தூக்காமல், "அது ஒண்ணுமில்ல, வாயுதான்" என்று சொன்னது யார்?