மாறங்காடர் ஆடு கொடுத்தாரா?

அமெரிக்காவில் எங்கள் பிஸ்கட்டவே ஊர் முத்தமிழ்ப் பொன்வாசல் மன்றத்தில் யார் வேண்டுமானாலும் நாவல் எழுதலாம். அதில் ராஜா வந்தால் மட்டும் வரலாற்றுத் தூய்மைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். ராஜா சாமியாராகவும் ஆகிவிட்டால் குழுவுக்கு டிபன் உண்டு, விவாதம் நீளும்.

ஜலஜாவின் ராஜா சாமியாராகிவிட்டார். பெயர் மாறங்காடர். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் சிம்மாசனத்தை விட்டு இறங்கி, சிவனே என்று நடந்தே போனவர். அவரைப் பற்றி உலகத்தில் இருப்பது உடைந்த கல்வெட்டு ஒன்று. அதில் மிஞ்சியது ஒரே வரி: கோயில் விளக்கு அணையாமல் எரிய ஆடு கொடுத்தார். அந்த வரிக்காகத்தான் ஜலஜா நாவலே எழுதினாள். பொங்கல் விழாவில் வெளியீடு. பார்ப்பதற்கு ஊரிலிருந்து அப்பா வருகிறார், டிக்கெட்டும் போட்டாயிற்று. குழு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"முதல்ல, எங்க பொறந்தார்?" என்றார் தலைவர் பத்மநாபன்.

"தெரியாது அங்கிள். கல்வெட்டுல அந்த இடம் உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சா காலியிடம். காலியிடத்தை ஃபில் பண்ணணும்."

கோயம்புத்தூர்க்காரர் சுப்பையன் செருமினார். "ஏனுங் அம்மிணி, ராஜா மரியாதையாப் பேசறாருங்க. எங்கூர்ப் பக்கமாத்தான் இருக்கோணும்."

ஓட்டெடுப்பு நடந்தது. மாறங்காடர் பெரும்பான்மை வாக்குகளால் அவிநாசியில் பிறந்தார்.

"அடுத்து, ராஜ்யத்தை விட்டுட்டுப் போறாரே? நம்ம பசங்க படிக்கற புக்கும்மா. நாளைக்கு காலேஜை விட்டுட்டு வந்து நின்னா?"

"அவர் துறவியானதுதான் அங்கிள் கதையே!"

"ஆகட்டும். லீவ் போட்டுட்டு ஆகட்டும்."

மாறங்காடர் நீண்ட விடுப்பில் துறவு பூண்டார்.

குழுவின் மூத்த உறுப்பினர் அபயாம்பாள் ஆன்ட்டி கடைசி அத்தியாயத்தை இரண்டு விரலால் தூக்கினார். "இதென்னடி, மந்தை மந்தையா ஆடு? சிவனடியாராத்துல என்ன, பிரியாணியா?"

"ஆன்ட்டி, அந்தப் பால்ல எடுத்த நெய்லதான் விளக்கு எரியும். கல்வெட்டுல இருக்கறதே அது ஒண்ணுதான்!"

"கல்லுல வெட்டினவன் நேர்ல பார்த்தானா?"

வரலாற்றுத் தூய்மையை முன்னிட்டு ஆடுகள் ஒருமனதாக நீக்கப்பட்டன.

காட்டில் ராஜாவுக்கு வழிகாட்டும் மேகவதி என்ற வெள்ளைக் குதிரையை மட்டும் யாரும் தொடவில்லை. "இதுக்குப் பேர்தான் ரிசர்ச்!" என்று பத்மநாபன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டர்ன்பைக் நெடுஞ்சாலை டிராஃபிக்கில் நின்றபோது ஜலஜாவுக்குத் தோன்றிய குதிரை அது.

அப்பாவின் டிக்கெட்டை நினைத்து ஜலஜா தலையாட்டினாள்.

புத்தகம் பறந்தது. மேகவதி அதைவிட வேகமாகப் பறந்தாள். எதையும் சீக்கிரம் நகர்த்துவாள் என்று பேச்சுக் கிளம்பி, கிரீன் கார்டுக்குக் காத்திருந்தவர்கள் அவள் படத்துக்குக் கேரட் மாலை சாத்தினார்கள். கோடைக்குள் மேகவதி ஜெயந்தியே வந்துவிட்டது.

அந்த மேடையில் ஜலஜா மைக்கைப் பிடித்தாள். "குதிரை நான் கற்பனை பண்ணினது! ஆடுதான் நிஜம்!"

பத்மநாபன் பரிவோடு கேட்டார்: "கற்பனை பண்ணினேன்னு சொல்றியேம்மா, ஆதாரம் இருக்கா?"

இல்லை.

பொங்கலுக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத அவள் அப்பா முன்வரிசையில் எழுந்து கைகூப்பினார். "சின்னப் பொண்ணு, தெரியாமப் பேசிட்டா. எங்க ஊர்ல மேகவதிக்கு சன்னதியே இருக்குங்க. ரொம்பப் பழசு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஜலஜா மேடையிலிருந்து இறங்கி, ஒரு கேரட் வாங்கிக்கொண்டு வரிசைக்கு வந்தாள். அவளுக்கும் கிரீன் கார்டு வரவில்லை. பாவம் என்று எனக்கு முன்னால் இடம் விட்டேன்.