பொட்டு வைத்த போல்ட்டு

போல்ட்டின் தலை ஸ்பானரோடு வந்துவிட்டது. உடம்பு என்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

பாக்கியசீலன் கையிலிருந்த தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

வேறு எந்த போல்ட்டு முறிந்திருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். இது முதலாளி தினமும் கும்பிடுகிற போல்ட்டு.

டில்லியில் ராஜாவுக்குத் தர்பார் நடந்த மறுவருஷம் காந்திமதிநாத பிள்ளை பாளையங்கோட்டை வாய்க்கால் கரையில் அரிசி மில் போட்டார். சென்னைப்பட்டணத்திலிருந்து எண்ணெய் என்ஜின் வந்து இறங்கிய நாள் அஷ்டமியாகப் போய்விட்டதால், அவர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. ஆயுத பூஜை அன்றுதான் முதன்முதலாக அதைப் பார்த்தார். கண்ணில் பட்ட போல்ட்டுக்கெல்லாம் பொட்டு வைத்தார். உச்சியில், நட்டநடுவில், ஒன்று மட்டும் தனியாக நின்றது. உச்சியில் தனியாக நிற்பது சாதாரணமாகவா இருக்கும்? அதற்கு மட்டும் பெரிய பொட்டு. அன்று முதல் தினமும் காலையில் வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான், "ம், ஓட்டும்வே" என்பார்.

பாக்கியசீலன் வேலைக்குச் சேர்ந்தது அதற்கும் பிறகு. "இதுதான்வே என்ஜினுக்கு உயிர்நாடி" என்று முதல் நாளே பிள்ளை காட்டினார். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பாக்கியசீலனுக்குப் பிடிபடவில்லை. தூத்துக்குடியில் ஒரு பஞ்சு மில்லில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவன், இங்கே டிரைவர் என்று சொல்லிச் சேர்ந்திருந்தான். தெரியாது என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. "ஆமா மொதலாளி, உயிர்நாடியேதான்" என்று தலையாட்டிவிட்டான்.

சும்மா இருந்ததை இன்றைக்குப் பார்த்துத் தொட்டிருக்க வேண்டாம். ஆனால் நாளைக்கு தானியேல் வாத்தியார் வருகிறார். ஜெபராணியின் அப்பா. மகளை இவனுக்குக் கொடுப்பதா, நாசரேத்துக் கம்பவுண்டருக்குக் கொடுப்பதா என்று தராசு பிடித்துக்கொண்டிருந்தார். "பையன் என்ஜின் ஓட்டுதான்னு சொல்லுதாவ. ஓட்டட்டும், கண்ணால பாக்கேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஜெபராணி வேதக்கோயிலில் நின்று பாடுவதைப் பார்த்த நாளிலிருந்து பாக்கியசீலனுக்கு வேறு நினைப்பே கிடையாது. கம்பவுண்டர் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

அதனால்தான் என்ஜினை விழுந்து விழுந்து துடைத்தான். துடைக்கும்போது உயிர்நாடி லேசாக ஆடியது. வாத்தியார் முன்னால் ஆடக்கூடாதே என்று ஒரு திருகு திருகினான். கடக்.

என்ஜினடியில் படுத்திருந்த பூனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. தினமும் காலையில் வந்து என்ஜினைச் சுற்றிச் சுற்றி முகர்வது அதற்கு வழக்கம். எண்ணெய் வாசனை பிடித்துப்போயிற்று என்று பாக்கியசீலன் நினைத்துக்கொள்வான்.

முதலாளி வரும் நேரம். என்ஜின் தலையைச் சூடாக்கும் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு, அவசர அவசரமாக அரக்கை உருக்கி, முறிந்த தலையை இருந்த இடத்திலேயே ஒட்டினான். அங்கேயே மாடத்திலிருந்த முதலாளியின் குங்குமத்தை எடுத்து மேலே அப்பினான். பார்த்தால் பழையபடியே இருந்தது.

ஆனால் விளக்குச் சூட்டில் இரும்பு காய்ந்தது. இரும்பு காய்ந்ததும் அரக்கு இளகியது. பிள்ளை வந்து பயபக்தியோடு தொட்டார். கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். விரலோடு போல்ட்டும் போய், சுடச்சுட அவர் புருவத்தில் முட்டியது.

"அம்மாடி! உயிர்நாடி என் கையோட வந்துட்டேவே!" பிள்ளை நடுங்கிவிட்டார். "நான் என்னவே பாவம் செஞ்சேன்?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பேசாமல் இருந்திருந்தால் பழி அவரோடு போயிருக்கும். பாக்கியசீலனால் முடியவில்லை.

"நீங்க இல்ல மொதலாளி. நான்தான் திருகி முறிச்சேன். அரக்கு வச்சு ஒட்டுனதும் நான்தான்."

பிள்ளை புருவத்தைத் தடவிக்கொண்டே அவனைப் பார்த்தார். "இது சரியாகாம என்ஜினைத் தொடப்படாது. உயிர்நாடி இல்லாம ஓட்டுனா வெடிச்சிரும்."

"நாளைக்கு வாத்தியாரையா வாராவளே?"

"வெடிக்கதையா அவருக்குக் காட்டப் போறீரு?"

நமச்சிவாயம் ஆசாரிக்கு ஆள் போனது. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிக்கிறவர். வந்து எட்டிப் பார்த்தார்.

"முறிஞ்ச பல்லப் பிடுங்குத வேலைதான். இப்பம் எடுத்துத் தாரேன்."

முறிந்த துண்டின் விளிம்பில் உளியை வைத்துத் தட்டிச் சுழற்றப் பார்த்தார். உளி வழுக்கி ஓட்டையின் வாயைப் பெயர்த்தது. இன்னொரு தட்டு. மறுபக்கமும் பெயர்ந்தது. பிறகு துரப்பணத்தை எடுத்துக் குடைய ஆரம்பித்தார். வெயில் தாழும் நேரத்தில் துண்டு முழுவதும் தூளாக வெளியே வந்தது. கூடவே ஓட்டைக்குள் போல்ட்டைக் கவ்விப் பிடிக்கிற சுருள் வரியான மரையும் வந்துவிட்டது. புது போல்ட்டை உள்ளே விட்டால், இரண்டு விரலால் தூக்கி எடுத்துவிடலாம்.

"மரையெல்லாம் போயிட்டே, ஆசாரியாரே!" என்றான் பாக்கியசீலன்.

"நானா போக்குனேன்? உள்ள முன்னாலேயே அலங்கோலமாக் கெடந்துது. எவனோ சேராத போல்ட்ட அடிச்சே ஏத்தியிருக்கான்."

பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "சீமையில செஞ்ச சாமான்வே! அவன் அடிச்சு ஏத்துவானா?"

பிறகு அவரே ஒரு வைத்தியம் சொன்னார். "கருப்பட்டித் தண்ணி விட்டுச் சுண்ணாம்பக் கொழச்சு, ஓட்டையில அடச்சு, போல்ட்ட நட்டு வையும். எங்க வீடு தாத்தா காலத்துல அப்படிக் கட்டுனது. இன்னும் ஒரு கீறல் கெடையாது."

வேறு வழி தெரியவில்லை. அடைத்து, நட்டு, ஜெபம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனான் பாக்கியசீலன்.

காலையில் வந்து பார்த்தால் என்ஜின்மேல் எறும்பு சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. கருப்பட்டி என்றால் அதற்கு வீடும் ஒன்றுதான், என்ஜினும் ஒன்றுதான். குனிந்து வாயால் ஊதினான். ஊதிய வாயிலேயே நாலைந்து கடித்தன. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கித் தொங்கியது. போல்ட்டைத் தொட்டான். சுண்ணாம்போடு பெயர்ந்து கையில் வந்தது.

இன்றைக்குப் பெண்ணைப் பெற்றவர் பார்க்க வருகிறார். மாப்பிள்ளைக்கு உதடு வீங்கிவிட்டது, என்ஜினுக்கு உயிர்நாடி இல்லை. நாசரேத்துக் கம்பவுண்டர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. அழுகையே வந்துவிட்டது. நெல் மூட்டைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான்.

அழுது முடித்தபோது, நட்டது நின்றதா என்று பார்க்க ஆசாரி வந்திருந்தார்; எதிரே அவருடைய பை கிடந்தது. பையிலிருந்து செம்புக் கம்பிச் சுருள் எட்டிப் பார்த்தது.

"ஆசாரியாரே," என்று எழுந்தான். "மரை போயிட்டுன்னா, நாமளே மரை வச்சா என்ன? போல்ட்டு மரையில பம்பரத்துக்குச் சுத்துத மாதிரி இந்தக் கம்பியச் சுத்துவோம். அதோட சேத்து உள்ள எறக்குவோம். செம்பு மெதுவானதுதான? நசுங்கி ஓட்டையப் பிடிச்சுக்கிடும்."

ஆசாரி தாடையைச் சொறிந்தார். "பிடிச்சாலும் பிடிக்கும்வே."

ஓட்டையைக் கழுவித் துடைத்தார்கள். மரைக்குள் படியும்படி கம்பியை இழுத்துச் சுற்றினார்கள். பாக்கியசீலன் தானே ஸ்பானரைப் பிடித்தான்.

"பைய... பைய..." என்றார் ஆசாரி. "நேத்து மாதிரி முரட்டுத்தனம் வேண்டாம்."

"என்னது, என்ஜின் ஓடலையோ?"

பின்னால் குரல் கேட்டது. கையில் குடையோடு தானியேல் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார்.

பாக்கியசீலன் வீங்கிய உதட்டோடு திரும்பினான். முகமெல்லாம் கரி. "ஓடலைங்கய்யா. நான்தான் முறிச்சுட்டேன். சரி பண்ணிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் உக்காருங்க."

வாத்தியார் எறும்பு இல்லாத மூட்டையாகப் பார்த்து உட்கார்ந்தார். பாக்கியசீலன் மறுபடியும் குனிந்து, கால் சுற்று, கால் சுற்றாக இறக்கினான். செம்பு முனகியது. பிறகு கவ்வியது. அசைத்துப் பார்த்தான். அசையவில்லை.

விளக்கைக் கொளுத்தி, காயவைத்து, பெரிய சக்கரத்தைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினான். என்ஜின் ஒரு தும்மல் போட்டது. அடுத்து 'டப் டப்' என்று ஓட ஆரம்பித்தது. பட்டை சுழன்றது, மில் இரைந்தது, அரிசி கொட்டியது. காலையில் வந்ததிலிருந்து பயந்து தூணுக்குப் பின்னால் நின்ற பிள்ளை, வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"வாத்தியாரே, உயிர்நாடி போன என்ஜினுக்கு உயிர் குடுத்திருக்கான் இந்தப் பய!"

வாத்தியார் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். "எனக்கு என்ஜினப் பத்தி ஒண்ணும் தெரியாது பிள்ளைவாள். ஆனா மக்கர் பண்ணுத ஒண்ண விட்டுட்டு ஓடாம, அதத் திட்டாம, எறும்புக் கடியோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னாரு பாத்தீரா? எம் மவளக் கெட்டுதவனுக்கு அதுதான் வேணும். அவ பிடிவாதம் எங்க வீட்டுல தெரிஞ்ச வெவகாரம்." பிறகு பாக்கியசீலனைப் பார்த்தார். "உதடு வத்துனதும் வீட்டுக்கு வாரும்."

பாக்கியசீலனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அன்று பொழுது சாயும்வரை யாருக்கும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஓட்டை அடைத்தது போக மிச்சமிருந்த கருப்பட்டியைப் பிள்ளையே உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். நிறுத்திய என்ஜின் இளஞ்சூட்டோடு நின்றது. புது உயிர்நாடிக்கு முன்பைவிடப் பெரிய பொட்டாக வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்போது இரவுக் காவல்காரன் சங்கிலிபூதத்தான் உள்ளே வந்தான். ஊரில் கோயில் கொடை என்று நேற்று விடுப்பு எடுத்திருந்தான். கையில் தூக்குச்சட்டி. காலைச் சுற்றிக்கொண்டு பூனை. இருட்டு கட்டும் நேரத்தில் முதலாளியும் மற்றவர்களும் இருப்பார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் நேரே என்ஜினிடம் போய், பொட்டு வைத்த போல்ட்டில் தூக்குச்சட்டியை மாட்டினான். மீன் குழம்பு மணத்தது.

"ஏலே!" பிள்ளை பாய்ந்து வந்தார். "என்னலே செய்யுத?"

சங்கிலிபூதத்தான் திடுக்கிட்டுத் திரும்பினான். பிறகு போல்ட்டை ஆட்டிப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"கோவிச்சுக்கிடாதீங்க மொதலாளி, என்ஜின எறக்குன அன்னைக்கு வளையம் மாட்டித் தூக்குன ஓட்டை அதுக்கப்புறம் சும்மாத்தான கெடக்குன்னு, கொழம்பு சூடா இருக்கட்டுமேன்னு நான்தான் ஒரு பழைய வண்டி போல்ட்ட அடிச்சு ஏத்தி வச்சேன், எப்பவும் கெடந்து ஆடும், இன்னைக்கு எந்தப் புண்ணியவானோ கல்லு மாதிரி நிறுத்தியிருக்கானே!"