மண்ணூருக்கு வந்த வெளிநாட்டு மறதி

1991-இல் நாடு வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவைத் திறந்தது. சரக்கு வந்து சேருமுன்பே வெளிநாட்டு நோய் ஒன்றை மண்ணூரில் கொண்டுவந்து இறக்கிய பெருமை எங்கள் ஆலை மேனேஜர் சுப்பராயனையே சேரும்.

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் அதைக் கண்டெடுத்தார். பெயர் ஏ.டி.எச்.டி. கவனம் ஓரிடத்தில் நிற்காது, எல்லாம் மறக்கும். பாதிக் கட்டுரையில் டாக்டர் கூப்பிட்டுவிட்டார். மீதியை மேனேஜரே 'ஆராய்ந்து' முடித்தார்.

நோய் கிடைத்தது, நோயாளி வேண்டுமே! எனக்குப் பக்கத்தில், தகட்டில் துளை போடும் பிரஸ் மிஷினில் நிற்கும் கோதண்டம் அகப்பட்டான். ஒரு பெட்டித் தகடுகளைத் துளை போடாமலே அனுப்பியிருந்தான். உடனே மீட்டிங் கூடியது. "பிறவிக் கோளாறு, கம்பெனி பொறுப்பில்லை. டாக்டர் சொன்னதும் 'மனிதாபிமானத்தோடு' வேலையைவிட்டு அனுப்பிவிடலாம்" என்று பிஸ்கட் தீருமுன் தீர்மானம் ஆயிற்று.

எங்கள் ஆலையில் ஒரு புனித விதி உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மிஷினில் கை வைத்த பிறகே நாம் கையை எடுக்கலாம். கோதண்டத்துக்கு மாற்றாள் அனுப்ப வேண்டியவர் மேனேஜர். அவர் மறந்துவிடுவார். கோதண்டம் மறுபடி ஒரு ஷிப்ட் நிற்பான். மேனேஜர் மறந்தால் அதற்குப் பெயர் 'வேலைப்பளு'.

கோதண்டத்தைப் பரிசோதிக்க டாக்டர் சசிரேகா வந்தார். மேனேஜரோடு நானும் சாட்சியாக உட்கார்ந்தேன்.

"சின்ன வயசுலேயே மறதி உண்டா?"

"வாய்ப்பாட்ட தலைகீழா சொல்லுவேன், டாக்டரம்மா."

"வீட்டுல?"

"வூட்டுல நான் எங்க கீறேன்? இங்கதான கீறேன்! நேத்து போனா, எம்பொண்ணு 'யம்மா, யாரோ வந்துகீறாங்க'ன்னு உள்ள ஓடுது."

"கடைசியா எப்போ தூங்கினீங்க?"

கோதண்டம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தான்.

"பாத்தீங்களா, கவனம் போச்சு!" என்று மேனேஜர் குதூகலித்தார்.

"சார், அந்தக் கோளாறு சின்ன வயசுலேர்ந்து இருக்கும். வீடு, வேலைன்னு எங்க போனாலும் கூடவே வரும். அது உள்ளவங்க வேணும்னு மறக்கிறதில்ல. இவருக்கு இல்லாதது தூக்கம்தான். ஷிப்ட் முடிஞ்சதும் ஆள் மாத்துங்க."

மேனேஜர் முகத்தில் ஒரு நம்பிக்கை. "ஆள் அனுப்பத்தான் நான் அடிக்கடி மறந்துடறேன். ஒருவேளை எனக்கு…?"

"வேற எதையாவது மறப்பீங்களா?"

"சேச்சே! போன பொங்கலுக்கு முந்தின நாள் இவன் எவ்வளவு லேட்டுன்னு இப்பவும் சொல்லுவேன்."

"அப்போ உங்களுக்கு அது இல்ல, சார்."

மேனேஜர் வருத்தத்தோடு, "இன்னிக்கே ஆள் அனுப்பறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

மாலையில் சங்கு ஊதியது. ஆள் வரவில்லை. கோதண்டம் மிஷினை நிறுத்திவிட்டுச் சட்டையை மாட்டினான்.

"யோவ், ஆள் வர்லயே, எங்க போற?" என்றேன்.

"தூங்கப் போறேன்யா! டாக்டரம்மாவே சொல்லிட்டாங்கோ."

மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. எந்த விதியை மீறினான், எந்த உட்பிரிவு, அவன் அப்பா பெயர், மிஷின் எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்று அத்தனையும் மேனேஜர் காகிதம் பார்க்காமல் கணீரென்று சொன்னார்.

"மாத்தாள் அனுப்பறேன்னீங்களே, சார்?" என்று கேட்டேன்.

"எந்த ஆள்?" என்றார்.

அவருக்கு அந்த நோய் இல்லை என்று டாக்டரம்மா பரிசோதித்தே சொல்லிவிட்டார். இருந்திருந்தால் மன்னித்திருப்போம்.