புகை தின்ற பச்சைத்தாயார்

மலேசியாவின் கிள்ளானில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தொண்ணூற்றேழில் புகைமூட்டம் ஊரை மூடியபோது புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. பச்சைத்தாயார்! மஞ்சள் துணி சுற்றிய மேடைமேல் கண்ணாடித் தொட்டி, தொட்டி நிறையப் பாசி. லோரிப் புகையைக் குழாய் வழியாக உள்ளே விட்டால் தாயார் தின்றுவிடுவாள். கீழே பைப்பில் எண்ணெயாக அருள்வாள். விளக்கும் எரியும், நோயும் தீரும். சொன்னவர் பாசியானந்தர். போன வருஷம்வரை செந்தூலில் லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்லிப் பிழைத்தவர். நம்பர் அடிக்கவில்லை, தொழிலை மாற்றிக்கொண்டார்.

லோரிகள் வரிசை பிடித்தன. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பம்பருக்கு மாலை. "பாசி கரியமில வாயுவ இழுக்கும், சயன்ஸ்லயே இருக்குலா!" என்றார்கள் படித்தவர்கள். இருக்கிறதுதான். வெயில் வேண்டும், நாள் பிடிக்கும் என்றும் அதே சயன்ஸில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யார் புரட்டினார்கள்?

லோரி டிரைவர் கன்னையாவின் மகள் தமயந்திக்கு மூச்சிழுப்பு நோய். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பம்ப்பை வாயில் வைத்து இழுத்தால்தான் மூச்சு வரும். "ஆஸ்பத்திரி பம்ப்ப நிறுத்து, தாயார் கோவிச்சுக்குவா" என்றார் சாமியார். கன்னையா பம்ப்பைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிள்ளை ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே மூச்சுக்குத் தவித்தது. பார்த்துக்கொண்டிருந்த கன்னையாவுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் பக்தி பெரிதாயிற்றே!

மறுநாள் குடும்பத்தோடு வந்தான். லோரியின் புகைக்குழாயில் சாமியாரின் ரப்பர் குழாய் ஏறியது. என்ஜின் உறுமியது, தொட்டி குமிழிவிட்டது, பைப்பில் எண்ணெய் ஒழுகியது. "தாயே!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கீழே நின்ற கன்னையா கண்ணை மூடிக் கும்பிட்டான்.

லோரிக்குள் மகளை மடியில் வைத்திருந்த அவன் மனைவி வீரம்மா, எட்டிச் சாவியைத் திருகி என்ஜினை அணைத்தாள்.

குமிழி நின்றது. எண்ணெய் நிற்கவில்லை.

"என்னா சாமி, தாயார் சாப்பிடாமயே வெளிக்குப் போறாங்க?" என்றாள்.

சாமியார் மேடைத் துணியை இழுத்து மூடினார். "அது... பழைய புகைமா. உள்ளுக்குள்ள இருக்கும்லா."

"அப்ப அந்தத் துணிய எடுங்க, பார்ப்போம்."

"ஐயோ, தொட்டா குத்தம்!"

என்ஜின் ஓய்ந்த அமைதியில் தமயந்தியின் மூச்சு விசிலடிப்பது எல்லாருக்கும் கேட்டது. கன்னையா கண்ணைத் திறந்தான். துணியை ஒரே இழுப்பாக இழுத்தான். உள்ளே ஒரு தகர டின். பைப் அதிலிருந்துதான் வந்தது. தொட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"பாசார்ல விக்கிற சமையல் எண்ணெய்லா, அண்ணே!" என்று யாரோ கத்தினார்கள்.

கன்னையா லோரிக்கு ஓடினான். சட்டைப்பையிலிருந்த பம்ப்பை எடுத்து மகள் வாயில் வைத்தான். "இழும்மா, நல்லா இழு. அப்பா மடையன்மா." அவன் அழுதான். அழட்டும்!

சாமியார் பின்பக்கமாக மறைந்துவிட்டார். கூட்டத்தில் சிலரோ, "சாமிதான் பொய், தாயார் நெசம்" என்று மிச்ச எண்ணெயைப் போத்தலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூளையே இல்லாத பாசி வெளிச்சத்தைப் பிடித்துப் பிழைத்துக்கொள்கிறது. மூளையைத் தலையில் சுமந்து திரிகிறவர்களே, உங்களுக்கு என்ன கேடு?