சாப் பெயர் வெட்டிய சீனத் தட்டு

எதையாவது பத்திரமாக வைக்கிறேன் பேர்வழி என்று கிளம்பினால், அதை ஒழித்துவிட்டுத்தான் உட்காருவேன். இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எண்பதுகளில், போர்ட் பிளேரில் குமாஸ்தாவாக இருந்தபோது, என்னைவிடப் பொறுப்பானவன் அந்தத் தீவிலேயே இல்லை என்று நினைப்பு.

மதுரையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வியாழக்கிழமைக் கப்பலை விட்டால் முகூர்த்தம் போச்சு. லீவுக்குக் கையெழுத்துப் போடவேண்டியவர் எங்கள் அதிகாரி சாட்டர்ஜி சாப். நீலப்பூப் போட்ட பழைய சீனப் பீங்கான் என்றால் அவருக்கு உயிர். கார் நிக்கோபார் தீவுக்கு டூர் கிளம்பிய என்னிடம், அங்கே தனக்காக ஒருவர் எடுத்துவைத்திருந்த தட்டை வாங்கிவரச் சொன்னார். "சம்பால்கே லானா", பத்திரமாகக் கொண்டு வா என்று மூன்று தடவை சொன்னார்.

கப்பலில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். சாப் ஊரில் இல்லாததால் நான் தங்கியிருந்த டெலானிபூர் குவார்ட்டர்ஸில் வைத்தேன். அன்று சாயங்காலமே என் அறைத் தோழன் தங்கராசு அதில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ("கழுவி வச்சிடறேன்டா, இப்ப என்ன?")

நம் வீடுகளில் பாத்திரம் கைமாறாமலிருக்க என்ன செய்வோம்? அபர்டீன் பஜாரில் பெயர் வெட்டுகிறவரிடம் ஓடினேன்.

"இது பீங்கான் தம்பி, எவர்சில்வர் இல்ல."

"தெரியும்ணே. மெதுவா வெட்டுங்க. நடுவுல, பெரிசா."

அவருக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். புள்ளி புள்ளியாகத் தட்டினார். தட்டு உடையவில்லை (உடைந்திருந்தால் தேவலை).

புதன்கிழமை சாப் மேஜையில் ஒரு பக்கம் என் லீவு விண்ணப்பம், மறுபக்கம் தட்டு.

"யே க்யா ஹை?" என்று நடுவிலிருந்த எழுத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஆப்கா நாம், சாப்" என்று தமிழில் வெட்டியிருந்த அவர் பெயரைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். "இனி யாரும் எடுக்கமுடியாது."

பேனாவை மூடினார். "முந்நூறு வருஷம் ஒருத்தரும் இதுல கை வைக்கல" என்றார் ஹிந்தியில், குரலே எழும்பாமல். அவருக்குக் கண் கலங்கியது. முகூர்த்தம் போச்சு என்றே முடிவுகட்டினேன்.

பிறகு பேனாவைத் திறந்தார். நான் கேட்டிருந்த முப்பது நாளை அடித்து, அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இதையும் எடுத்துக்கிட்டு மெயின்லேண்டுக்குப் போ. ரெண்டு பேரும் என் கண்ணுல படாதீங்க."

கல்யாண வீட்டில் பெண்ணின் அத்தை தட்டை எடுத்து உரக்கப் படித்தார்: "சாட்டர்ஜியா? மாப்பிள்ளை எங்கிருந்தோ தள்ளிக்கிட்டு வந்துட்டாரு போல." நான் விளக்கம் சொல்லச் சொல்ல, மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் பேத்தி பிறந்தாள். ஆசையாகக் கை நீட்டினேன். என் மனைவி மகளிடம் சொன்னாள்: "ஆஸ்பத்திரியில கையில பேரு எழுதிக் கட்டிட்டாங்கன்னு முதல்ல அப்பாகிட்ட காட்டும்மா. இல்லேன்னா பஜாருக்குத் தூக்கிட்டு ஓடிருவாரு."