கட்டிலுக்கு அடியில் இன்னொரு வண்டி

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். வண்டிக்கு மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தே கேட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் போனில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் நீங்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்தியபோது பதில் சொல்லாமல் வைத்தது யாரோ இல்லை மாமா, நான்தான். மன்னிக்கவும்.

இன்று புதன்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மானம் போகப் போகிறது. அதற்குள் நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். என்ன உதவி என்று எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் வெளியூர் வேலைக்குப் போகும்போது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாவியை அப்பா கையில் திணித்துவிட்டு ஓடினீர்களே, அதே வண்டிதான். அப்பா அதில்தான் வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்கிறார். வண்டி நின்றால் அவர் வேலை நிற்கும், வேலை நின்றால் எங்கள் வீட்டு அடுப்பும் நிற்கும். அந்த வண்டி கத்தும் மாமா. அப்பா வருவது மூன்று தெரு தள்ளியே கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும்தான் அம்மா சாப்பாட்டைச் சூடு பண்ணவே எழுந்திருப்பார். பெரிய ரோட்டில் போனால் தண்ணீர் லாரிகூட எங்களை முந்திக்கொண்டு போகும். அப்பா வண்டியின் டேங்கைத் தடவிக் கொடுத்து, "வயசாயிடுச்சு பாப்பா, மூச்சு வாங்குது" என்பார். அந்த நேரம் பார்த்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், "கம்பெனிக்காரன் இந்த மாடலை நிறுத்திட்டான், கையில இருக்கறது இருக்கற வரைக்கும்தான்" என்று யாரிடமோ சொன்னது அப்பா காதில் விழுந்துவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸாக வாங்கிச் சேர்க்கும் காய்ச்சல் அன்று பிடித்ததுதான்.

இப்போது வீட்டுக்குள் வந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. என் கட்டிலுக்கு அடியில் பெரிய அட்டைப் பெட்டிகள் ஆறு. என் துணி அலமாரியில் பாதி பேரிங்குக்கு. அரிசி டப்பாவுக்குப் பின்னால் பிஸ்டன். குளியலறை ஆணியில் ஏழு கிளட்ச் கேபிள். புது சைலன்சர் ஒன்றைக் கீறல் விழாமல் இருக்கப் பழைய போர்வையில் சுற்றி அலமாரி மேலே படுக்கவைத்திருக்கிறோம். அடுத்த வீட்டு அக்கா சர்க்கரை வாங்க வந்தவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "யார் வீட்டுக் கொழந்த? அவ்ளோ உயரத்துல போட்டுருக்கீங்களே, உருண்டுறாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா, "இந்த வீட்டுல உப்பு தீர்ந்தா ஒருத்தருக்கும் தெரியாது. வாஷர் தீர்ந்தா மட்டும் மனுஷனுக்குத் தூக்கம் வராது" என்கிறார். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் முன் சக்கரமும் பெட்ரோல் டேங்கும் தவிர ஒரு முழு வண்டியே என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் அதன் மேல்தான் தூங்குகிறேன்.

இத்தனைக்கும் ஒரு பொட்டலத்தையும் அப்பா பிரித்தது கிடையாது. பிரித்தால் துருப் பிடிக்குமாம். போன மழையில் கிளட்ச் கேபிள் அறுந்தபோது, ஏழு புது கேபிள் தொங்கிக்கொண்டிருக்க, துணி காயப்போடும் கம்பியை அறுத்து முறுக்கிக் கட்டினார். "ஏங்க, அந்த ஏழுல ஒண்ண எடுத்தா என்ன?" என்று அம்மா கேட்டதற்கு, "அது ஸ்டாக்குடி. ஸ்டாக்குல கை வைக்கலாமா?" என்றார். இரண்டு நாள் துணி எல்லாம் நாற்காலி மேல் காய்ந்தது.

இனிமேல்தான் என் கதை. கடைக்குப் போய் வாங்கி வருவது என் வேலை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நானும் நடுங்குவேன், புத்தகமும் நடுங்கும், பெஞ்சில் கூட இருப்பவர்களும் சேர்ந்து ஆடுவார்கள். அம்மாவுக்கு முதுகுவலி வந்து வீட்டில் ஆள் வேண்டும் என்றபோது முதலில் சந்தோஷப்பட்டது நான்தான் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. "இவ வெளிய போய்ப் பழகட்டும்" என்று அப்பா சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். முதல் நாள் கடையில் கூட்டம். கடைக்காரர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "இதுல ரெண்டு தினுசு உண்டும்மா. நாலு கியரா? அஞ்சு கியரா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "அஞ்சா?" என்றார். தலையாட்டிவிட்டேன். அவர் "நாலா?" என்று முடித்திருந்தால் அதற்கும் ஆட்டியிருப்பேன். "பாத்துக்கம்மா, ஒரு தினுசு சாமான் இன்னொரு தினுசுல உக்காராது" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் போனாலே, "வா அஞ்சு கியர்! இன்னிக்கி என்ன?" என்பார். அதுவே என் பெயராகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து அப்பா பின்னால் உட்கார்ந்து போனேன். நான் யார் முகத்தையும் பார்க்காமல் காலைப் பார்த்தே பழகியவள் இல்லையா? அப்பாவின் இடது காலைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அவ்வளவுதான். திரும்பி வரும்போதும் எண்ணினேன். நான்கு. மறுநாள் காய்கறி வாங்கப் போகும்போதும் நான்கு. மாமா, நம்முடையது நாலு கியர் வண்டி!

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் அப்பா தன் நண்பரிடம், "எங்க பாப்பா இல்லேன்னா இந்த ஸ்டாக்கே இல்லப்பா. வாயில்லாப் பூச்சின்னு சொல்றாங்க. கடைக்காரனே இவளுக்கு முதல்ல எடுத்துக் குடுக்கறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி அப்படி யாரும் எதையும் சொன்னதில்லை மாமா. பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி நல்லதாகச் சொன்ன ஒரே வார்த்தை 'அமைதியானவள்' என்பது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த சீட்டு வந்தது, அதையும் வாங்கினேன். பதினாறு மாதமாக உட்காராத சாமானாகவே வாங்கி அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று கிளட்ச் பிளேட் கருகி வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. அப்பா தள்ளிக்கொண்டே வந்தார். முகத்தைப் பார்த்தால் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! "இதுக்குத்தானே சேத்தேன்! இதுக்குத்தானே சேத்தேன்!" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அண்ணன் வீட்டுக்கே வருகிறார். அடுத்த வீடு, எதிர் வீடு எல்லாருக்கும் சொல்லியாயிற்று. அவர்கள் முன்னால் ஸ்டாக்கைப் பிரித்து, கிளட்ச் பிளேட்டைப் போட்டு, அது உட்காராமல் போகப் போகிறது. அப்புறம் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரிப்பார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. இன்று காலை கிளட்ச் பிளேட்டை மட்டுமாவது மாற்றிக்கொண்டு வரலாம் என்று பையில் ஒளித்து எடுத்துப் போனேன். வழி நெடுக, "அண்ணே, இது வேண்டாம், நாலு கியருக்குக் குடுங்க" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். "அஞ்சு கியர், வெயில்ல ஏன் நிக்கற? உனக்குன்னே ஒரு செயின் செட்டு எடுத்து வச்சிருக்கேன், கடைசி பீசு" என்றார். தலையாட்டிவிட்டேன். போனது ஒரு சாமானைத் திருப்பித் தர, வந்தது இரண்டு சாமானோடு.

ஆகவே மாமா, எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வண்டி உங்களுடையது. அதைத் திரும்பக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் அப்பா தரமாட்டார். சண்டை வரும். சண்டை வந்தால் ஞாயிற்றுக்கிழமை நின்றுவிடும். அப்புறம் சமாதானமாகிவிடலாம். இதில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கும் தெரிகிறது, ஆனால் எது இடிக்கிறது என்று தெரியவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவனுக்குப் பல் முளைத்ததா என்று அம்மா கேட்கச் சொன்னார். பெரியவர்கள் இருவர் ஆசியும் எனக்கு வேண்டும், முக்கியமாக ஞாயிறு பத்து மணிக்கு.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அக்கா மகள்,
வாயில்லாப் பூச்சி

பின்குறிப்பு: மாமா, இன்று ஞாயிறு சாயங்காலம். கடிதம் போகவில்லை. தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் கேட்க மூன்று நாளும் போய் மூன்று நாளும் திரும்பி வந்தேன்.

பத்து மணிக்கு மெக்கானிக் அண்ணன் வந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பொட்டலத்தைப் பிரித்தார்கள். பிளேட்டைப் போட்டார். "கச்சிதமா உக்காந்துடுச்சு" என்றார். உட்காரக்கூடாதே! என்னை அறியாமல் வெளியே வந்து, அத்தனை பேர் முன்னால், "அண்ணே, அது அஞ்சு கியர் பிளேட்டு" என்றேன். "ஆமா, வண்டியும் அஞ்சு கியர்தானேம்மா?" என்றார். "நாலுய்யா. ஒன்பது வருஷமா ஓட்டறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. மெக்கானிக் வண்டியைப் பெரிய ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் செய்து அப்பாவை ஏறச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "அவ்வளவுதான்" என்று அப்பா காலை எடுத்தார். நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, இன்னொரு மிதி மிதிங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் மாமா, எதிர் வீடு வரை கேட்டதாம். அப்பா மிதித்தார். டக். அஞ்சாவது விழுந்தது.

பின் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு மெக்கானிக், "வண்டிக்கு வயசும் ஆகல, ஒண்ணும் ஆகலண்ணே. அஞ்சாவதுல போக வேண்டியத நாலுல போட்டு முறுக்கினா கத்தாம என்ன செய்யும்?" என்றார். இதற்கு முன்னால் அப்பா ஓட்டிய பழைய வண்டிக்கு நாலு கியர்தானாம், கால் அந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டதாம். உடனே பெரிய ரோட்டுக்குப் போனார். எப்போது திரும்பி வந்தார் என்றே தெரியவில்லை, சத்தமே இல்லை. "வந்தா சத்தம் குடுத்துட்டு வரக்கூடாதா? சாப்பாடு இன்னும் ஆறிக் கெடக்கு" என்று அம்மா திட்டினார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். வண்டியைத் திரும்பக் கேட்காதீர்கள். ஆனால் சண்டை மட்டும் எப்படியும் வரும். "ஒரு கியரை ஒளிச்சு வச்சுட்டுப் போயிட்டான் உன் தம்பி" என்று அப்பா மத்தியானத்திலிருந்து அம்மாவிடம் கத்திக்கொண்டிருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் உங்களுக்குப் போன் வரலாம். இன்னொன்று. இந்த வண்டி இன்னும் இருபது வருஷம் ஓடும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். "அப்ப இந்த ஸ்டாக்கு பத்தாதே" என்று அப்பா புதுச் சீட்டு எழுதிவிட்டார். நாளைக் காலை நான் கடைக்குப் போக வேண்டும். போகிற வழியில் ஸ்டாம்ப்பையும் கேட்டு வாங்கிவிடுவேன் என்று நினைக்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் கையில் இருந்தால், கேட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

கீழே பெயரை மாற்றியிருக்கிறேன். இனிமேல் அப்படியே கூப்பிடவும்.

அஞ்சு கியர்